ஒப்புக்குச் சப்பாணி

தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கும்போது, அவர்களுள் ஒருவனுடைய தம்பியோ தங்கையோ தானும் வருவேன் என்று அடம்பிடிப்பது வழக்கம். மூன்று வயதுக் குழந்தை. அதனால் ஓட முடியாது. ஓடினாலும் அடுத்த கணமே பிடிபட்டுவிடும். வேண்டாம் என்று விரட்டினால் வீட்டிற்குப் போய் அழும், ஆட்டமே நின்றுபோகும். ஆகவே பெரிய பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை ஆட்டத்தில் உண்டு. ஆனால் அதைத் தொட்டாலும் அது ‘அவுட்’ ஆகாது. அது யாரைத் தொட்டாலும் செல்லாது. எந்தக் கட்சியிலும் சேராமல், எந்தக் கணக்கிலும் வராமல், கூட்டத்தின் பின்னால் அது குதூகலத்துடன் ஓடிக்கொண்டிருக்கும். அத்தகைய குழந்தைக்குத் தமிழ்ப் பிள்ளைகள் வழிவழியாக வழங்கிவரும் பெயர் ‘ஒப்புக்குச் சப்பாணி’. சில ஊர்களில் அது ‘உப்புக்குச் சப்பாணி’ என்று மருவியும் வழங்குகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. பெரியவர்கள் எவரும் சொல்லித் தராமலேயே, வலிமை குன்றிய ஒருவரை வெளியே தள்ளாமல் வைத்துக்கொள்ளும் ஒரு முறையைப் பிள்ளைகள் தாமாகவே வகுத்திருக்கிறார்கள். நீதி நூல்களைக் கரைத்துக் குடித்த பெரியவர்களின் சபைகளில் இந்த அளவு கூட நடப்பதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அந்தப் பெயரைச் சற்று நின்று கேட்டால் மனம் துணுக்குறுகிறது. ‘சப்பாணி’ என்றால் கால் முடங்கியவர், நடக்க இயலாதவர். ‘ஒப்புக்கு’ என்றால் பெயரளவிற்கு. ஓடத் தெரியாத மழலைக்குத் தற்காலிகமாகத் தரப்படும் இடத்திற்கு, ஓட முடியாத ஒரு குழந்தையின் பெயரை மொழி சூட்டியிருக்கிறது. என்றோ எந்தத் தெருவிலோ அந்த இடத்தில் உண்மையாகவே ஒரு முடங்கிய குழந்தை உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தது என்று எண்ண இடமிருக்கிறது.

(இதே ஒலியுடைய மற்றொரு சொல்லும் தமிழில் உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று சப்பாணிப் பருவம். அங்கே சப்பாணி என்பது இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. முருகனையும் மீனாட்சியையும் குழந்தையாக்கி, ‘கை கொட்டி விளையாடுக’ என்று புலவர்கள் இறைஞ்சுகிறார்கள். பெண்பால் பிள்ளைத்தமிழ் ஊஞ்சலாட்டத்தில் வந்து முடிகிறது. தெய்வத்தை ஊஞ்சலில் வைத்துப் பாடிய மொழியில்தான் ஒப்புக்குச் சப்பாணி என்ற சொற்றொடரும் வாழ்கிறது.)

மூன்று வயதுக் குழந்தைக்கு இதில் ஒரு தீங்கும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் அது வளர்ந்துவிடும், ஒருநாள் யாரோ அதைத் தொட்டு ‘அவுட்’ என்பார்கள், அது அழும், அன்றிலிருந்து அதுவும் ஆட்டக்காரன். ஆனால் மூளை முடக்குவாதத்தால் கால்கள் பின்னிக்கொண்ட எட்டு வயதுச் சிறுமிக்கு, பார்வையற்ற சிறுவனுக்கு, ஆட்டிசம் உடைய குழந்தைக்கு, அந்த இடம் தற்காலிகமானதன்று. அவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். எட்டு வயதில் ஒரு குழந்தைக்குத் தான் கணக்கில் இல்லை என்பது நன்றாகவே தெரியும். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருப்பதும் ஆட்டத்தில் இருப்பதும் ஒன்றா? அறவியலில் கேட்கத்தக்க கேள்விதான் இது. இக்கேள்வி எழும் இடம் மட்டும் நூலகமாக இல்லாமல் ஊர்ப் பூங்காவாக இருக்கிறது.

நம் நகரங்களின் பூங்காக்கள் பலவற்றில், ஒப்புக்குச் சேர்ந்துகொள்ளவும் வழி இருப்பதில்லை. வாயிலில் மாடும் மோட்டார் சைக்கிளும் நுழையாதிருக்க வளைத்து வைத்த கம்பித் தடுப்பு. அதில் சக்கர நாற்காலியும் நுழையாது. அதைத் தூக்கிக் கடந்தால் இரண்டு படிகள். படிகளைக் கடந்தால் விளையாட்டுப் பகுதி முழுவதும் மணல், சக்கரம் புதைந்துவிடும். ஊஞ்சல் என்பது இரு சங்கிலிகளுக்கு இடையே ஒரு பலகை. முதுகை நிமிர்த்தி உட்கார முடியாத குழந்தைக்கு அது பயன்படாது. சறுக்குமரத்திற்கு ஏணி. ராட்டினத்தில் ஏற ஓர் அடி உயரம் தாண்ட வேண்டும். அண்ணன் சறுக்கி விளையாடுவதைத் தங்கை வேலிக்கு அருகில் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாய் அவளிடம் அண்ணனைக் காட்டிக் கை தட்டச் சொல்கிறாள். யாரும் அவளை விரட்டவில்லை; யாரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. அங்கே ஒருவர் மீதும் குற்றம் சாட்ட முடியாது. அநீதி சில சமயம் இப்படித்தான், செய்தவர் எவரும் இல்லாமலேயே நிகழ்ந்து கிடக்கிறது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உடற்குறையோ மனக்குறையோ உடையவர்கள் 2.68 கோடிப் பேர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அவை ஏழாக இருந்தன. குழந்தைகளின் உரிமைகள் பற்றிய 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, விளையாடுவதை ஓர் உரிமையாகவே தன் 31-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2006-ஆம் ஆண்டின் உடன்படிக்கை தன் 30-ஆம் பிரிவில், குறைபாடுடைய குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்கு பெற வேண்டும் என்றது. அதையும் 2007-இல் இந்தியா ஏற்றது. எனவே உரிமை உண்டா இல்லையா என்ற வழக்கு முடிந்துவிட்டது. அந்த உரிமை ஏன் உரிமையாகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் காரணம் விளங்காத உரிமை சட்டப் புத்தகத்திலேயே தங்கிவிடும்.

இந்த இடத்தில் நடைமுறையறிந்த ஒருவர் குறுக்கிடக் கூடும். ‘உணவு, மருந்து, பள்ளி இவையே இக்குழந்தைகளில் பலருக்கு எட்டவில்லை. முதலில் அவற்றைக் கொடுங்கள். ஊஞ்சலைப் பிறகு பார்க்கலாம்’ என்பார் அவர். இது அலட்சியமாக ஒதுக்கத் தக்க வாதம் அன்று. பசிக்கும் குழந்தைக்கு முதலில் சோறுதான். ஆனால் இவ்வாதம் மற்றக் குழந்தைகளின் விஷயத்தில் எழுப்பப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நாட்டில் வறுமை தீரும் வரை எந்தப் பூங்காவிலும் சறுக்குமரம் வைக்கக் கூடாது என்று எந்த நகராட்சியும் தீர்மானம் போட்டதில்லை. சறுக்குமரம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஏணி வைப்பதா, சாய்தளமும் வைப்பதா என்பதே கேள்வி. மேலும், மருந்தைப் போல விளையாட்டைப் பத்தாண்டுகள் கழித்துக் கொடுக்க முடியாது. பதினெட்டு வயதில் கொண்டுவந்து தரப்படும் ஊஞ்சலால் எட்டு வயதிற்கு என்ன பயன்?

அந்த வாதத்தின் அடியில் இன்னொரு எண்ணம் மறைந்திருக்கிறது. குறைபாடுடைய குழந்தைக்கு ‘வேண்டியது’ சிகிச்சை என்பதே அது. அத்தகைய குழந்தையின் ஒரு நாளைப் பார்த்தால் இது விளங்கும். காலையில் இயன்முறைப் பயிற்சி; பிறகு பேச்சுப் பயிற்சி; பிறகு சிறப்புப் பள்ளி; மாலையில் கை விரல்களுக்கான பயிற்சி. பந்து கொடுத்தாலும் பிடிமானம் வளர்வதற்காக. மணிகளைக் கோக்கச் சொன்னாலும் பார்வையும் கையும் ஒத்துழைப்பதற்காக. பாட்டுக்கும் ஒரு பயன், படத்துக்கும் ஒரு பயன். இவை யாவும் அன்பினால் செய்யப்படுபவை, அவசியமானவையும் கூட. ஆனால் அந்தக் குழந்தையின் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மற்றொன்றிற்காகவே செலவிடப்படுகிறது. அவள் எப்போதும் சரிசெய்யப்பட வேண்டியவளாகவே இருக்கிறாள். அவள் இப்போது இருக்கும் நிலையிலேயே ஒரு மகிழ்ச்சிக்கு உரியவள் என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லால் அதைச் சொல்லவும் முடியாது. விளையாட்டுதான் அதைச் சொல்லும்.

விளையாட்டைப் பற்றி நம் மரபு ஆழமாகவே சிந்தித்திருக்கிறது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் ஆட்சேபம் எழுப்பப்படுகிறது: செயல் என்றால் அதற்கு ஒரு பயன் வேண்டும், நிறைவேறாத விருப்பம் ஒன்றும் இல்லாத பிரம்மத்திற்கு உலகைப் படைப்பதால் ஆவது என்ன? அதற்குப் பாதராயணர் தரும் விடை லீலை என்பது. சங்கரர் அதை விளக்கும்போது, வேண்டியதெல்லாம் பெற்ற அரசன் எந்தப் பயனையும் நாடாது விளையாடுவதையும், ஒரு நோக்கமும் இன்றி இயல்பாகவே மூச்சு நடப்பதையும் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். படைப்பைப் பற்றிய இவ்விடை எல்லோருக்கும் நிறைவளிக்குமா என்பது வேறு விவாதம். ஆனால் விளையாட்டு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான வரையறை கிடைப்பது அரிது. குறைவிலிருந்து எழுவது வேலை. நிறைவிலிருந்து எழுவது விளையாட்டு. அப்படியானால், ‘குறை’ என்ற சொல்லாலேயே எப்போதும் அடையாளம் காட்டப்படும் ஒரு குழந்தை ஊஞ்சலில் ஆடும்போது, அந்தச் சில நிமிடங்களுக்கு அவள் எந்தக் குறையையும் தீர்த்துக்கொள்வதற்காக ஆடவில்லை. சும்மா ஆடுகிறாள்.

ஊஞ்சலாடினால் தசைகள் வலுப்பெறும், சமநிலை உணர்வு வளரும் என்பதும் உண்மையே. அப்பயன் தானாக வந்தால் வரட்டும். அதையே காரணமாகக் காட்டிப் பூங்கா அமைக்கத் தொடங்கினால், அது இன்னொரு பயிற்சிக்கூடமாகவே முடியும். பலகையில் ‘விளையாட்டுத் திடல்’ என்று எழுதியிருந்தாலும் குழந்தைகளை ஏமாற்ற முடியாது.

2005-இல் பெங்களூரில், சிறப்புத் தேவைகள் உடைய குழந்தைகளின் பெற்றோர் முன்னின்று ‘கிலிகிலி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தை சிரிக்கும் ஒலிக்குக் கன்னடத்தில் வழங்கும் பெயர் அது. மறு ஆண்டே, ஃபிரேசர் டவுன் பகுதியில் உள்ள கோல்ஸ் பூங்காவில், மாநகராட்சியுடன் சேர்ந்து, எல்லாக் குழந்தைகளும் விளையாடத்தக்க ஓர் இடம் உருவாயிற்று. புதிய பூங்கா கட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எல்லோரும் வந்து போய்க்கொண்டிருந்த பழைய பூங்கா அது. பின்னர் பெங்களூரின் வேறு பூங்காக்களிலும், சென்னையில் சாந்தோம் பகுதியிலும் இத்தகைய இடங்கள் தோன்றின.

இவ்விடங்கள் எவ்வாறு அமைகின்றன என்பதைச் சிறிது விரிவாகவே பார்க்கலாம். அறச் சிக்கல் அங்கேதான் உருவம் பெறுகிறது. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏற முடியாது, பிறர் தள்ள வேண்டும். தரையோடு தரையாகப் பதித்த ராட்டினத்தில் நாற்காலியோடு ஏறலாம். முதுகுப் பலகையும் வார்ப்பட்டையும் உடைய ஊஞ்சல் ஒன்று. பறவைக்கூடு போல வலை பின்னிய அகன்ற ஊஞ்சல் ஒன்று, அதில் உட்கார முடியாத குழந்தை படுத்துக்கொள்ளும், பக்கத்தில் இன்னும் இருவர் ஏறிக்கொள்வார்கள். மணல் விளையாட்டுக்கு மேசை உயரத்தில் ஒரு தொட்டி. பார்வையற்ற குழந்தைக்குக் காலுக்கு அடியில் மாறும் தரை, கையால் தட்டினால் ஒலிக்கும் குழாய்கள். இரைச்சலைத் தாங்காத குழந்தை சற்று ஒதுங்கி அமர ஒரு மறைவான மூலை. சுற்றிலும் வேலி, ஏனெனில் திடீரென்று ஓடிவிடும் குழந்தைகளும் உண்டு.

பட்டியலாகப் பார்க்கும்போது எல்லாம் இசைவாகவே தோன்றும். நடைமுறையில் ஒன்று மற்றொன்றோடு மோதுகிறது. மணலை எடுத்துவிட்டு ரப்பர் தரை போட்டால் சக்கரம் எளிதாக உருளும். ஆனால் மணலில் கையை அளைந்துகொண்டே மணிக்கணக்கில் அமைதியாக இருக்கும் குழந்தைக்கு அது பேரிழப்பு. மேலும் ரப்பர் தரை நம் நாட்டு வெயிலில் கொதிக்கும். பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் சறுக்கும்போது உடலில் நிலைமின்சாரம் சேர்கிறது. காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தையின் கருவியை அது பாதிக்கக் கூடும் என்பதால், சறுக்கும் முன் வெளிப்பகுதியைக் கழற்றிவிட வேண்டும் என்பார்கள். கழற்றினால் அவனுக்குக் காது கேட்காது. எஃகுச் சறுக்குமரத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மே மாதத்தில் எஃகின் மேல் யார் உட்காருவது? ஆகவே அதற்கு மேலே மரநிழல் வேண்டும். மரம் வளரப் பத்தாண்டு வேண்டும். தட்டினால் ஒலிக்கும் குழாய்கள் பார்வையற்றவனுக்கு ஆனந்தம். ஒலியால் துன்புறும் குழந்தைக்கு வேதனை.

இவ்வாறு ஒருவருடைய நியாயமான தேவை மற்றவருடைய நியாயமான தேவையோடு மோதும்போது, கருணை மட்டும் போதுவதில்லை. கருணை தன் எதிரே நிற்கும் ஒரு முகத்தைப் பார்க்கும். பக்கத்தில் நிற்கும் மற்றொரு முகத்தை மறந்துவிடும். இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது, அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் இடத்தில் மணலும் ஓர் இடத்தில் ரப்பருமாகப் பிரித்து வைத்து, இரண்டுக்கும் இடையே பாதை போட வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் என்பது இயலாது; ஒவ்வொருவருக்கும் உண்மையாக ஏதோ ஒன்று, அதுவும் மற்றவர் அருகில், என்பது இயலும். நீதி என்ற பெரிய சொல்லுக்குப் பூங்காவில் பொருள் இவ்வளவே.

தவறாகப் போவதும் எளிது. ஆஸ்திரேலியாவில் சக்கர நாற்காலியோடு ஏறி ஆடத்தக்க ஒரு பெரிய ஊஞ்சலைப் பல பூங்காக்களில் நிறுவினார்கள். கனமான சாதனம்; ஆடும்போது குறுக்கே வரும் குழந்தை மீது மோதினால் ஆபத்து. ஆகவே அதைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டினார்கள். சாவி உடையவர்கள் திறந்து ஆடலாம். பாதுகாப்பு நோக்கில் இதில் பிழை காண முடியாது. ஆனால் குழந்தை கூண்டுக்குள் தனியாக ஆடுகிறது. மற்றக் குழந்தைகள் வெளியே நின்று பார்க்கிறார்கள். முன்பு அவள் அவர்களை வேடிக்கை பார்த்தாள். இப்போது அவர்கள் அவளை வேடிக்கை பார்க்கிறார்கள். அதைக் குறை கூறியவர்களுள் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகளே இருந்ததில் வியப்பில்லை. ஊஞ்சல் கிடைத்தது; விளையாட்டு கிடைக்கவில்லை.

சொற்களை மாற்றுவதிலும் இத்தகைய ஓர் அபாயம் இருக்கிறது. ஊனமுற்றோர் என்பது மாற்றுத்திறனாளி ஆயிற்று. இந்தியில் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் ‘திவ்யாங்’, அதாவது தெய்வீக அங்கம் உடையவர், என்ற சொல் அரசு வழக்கில் புகுந்தது. மரியாதைக் குறைவான சொல் போவது நல்லதே. ஆனால் தெய்வீகம் என்று உயர்த்துவதை மாற்றுத்திறனாளிகள் பலர் எதிர்த்தார்கள். அவர்களுடைய காரணத்தை ஆன்மிக நாட்டம் உள்ளவர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். தெய்வம் என்று சொல்லி ஒருவரைப் பீடத்தில் ஏற்றிவிட்டால் அவருக்கு வரிசையில் இடம் தர வேண்டியதில்லை. கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ‘எல்லா உயிரிலும் இறைவன்’ என்ற உண்மை, பூங்காவின் வாயிற்படியை இடிக்காத வரை, வெறும் வாய்ப்பாடாகவே நிற்கும். நாக்பூரில் 2023-இல் அறிவிக்கப்பட்ட ஒரு பூங்காவிற்கு ‘அனுபூதி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கந்தரநுபூதியை ஓதும் தமிழர்களுக்கு அச்சொல்லின் கனம் தெரியும்: பிறர் சொல்லக் கேட்பதன்று, தானே நுகர்ந்து அறிவது.

இத்தகைய பூங்காக்களுக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் ஒரு காரணம் உண்டு. நல்ல உடல்நிலையுள்ள குழந்தைகள் இவர்களோடு பழகினால் இரக்கம், பொறுமை, நன்றியுணர்வு ஆகிய பண்புகளைக் கற்பார்கள் என்பது அது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது; பள்ளி ஆண்டு விழாக்களில் பெரிதும் கைதட்டல் பெறுகிறது. ஆனால் இதைவிட நுட்பமான அவமதிப்பு வேறில்லை. ஒரு சிறுமி ஊஞ்சலாட வந்தாள். பிறருக்குப் பாடமாக அமர வரவில்லை. மனிதரை எப்போதும் குறிக்கோளாகவும் கொள்ள வேண்டும், வெறும் கருவியாக ஒருபோதும் கொள்ளலாகாது என்று ஜெர்மானிய ஞானி கான்ட் வற்புறுத்தினார். சிகிச்சையின் பெயரால் அவளையே அவளுக்குக் கருவியாக்கினோம். நற்பண்பின் பெயரால் அவளைப் பிறருக்குக் கருவியாக்குகிறோம். பழகப் பழகப் பிள்ளைகள் ஏதேனும் கற்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் கற்பது இரக்கத்தை அன்று. அந்தச் சிறுமி பிடிவாதக்காரி, சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறவள், நன்றாகக் கதை சொல்கிறவள் என்பதைத்தான். அதுவே மேலானது.

மேலை நாட்டுச் சிந்தனையிலும் இந்தக் கேள்வி அண்மைக் காலத்தில்தான் கூர்மை பெற்றது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டில் ஒரு சிந்தனைச் சோதனையை முன்வைத்தார்: பிறக்கப்போகும் நிலையை அறியாதவர்களாக நின்றுகொண்டு சமுதாய விதிகளை வகுத்துப் பாருங்கள் என்றார். பூங்காவுக்கு இது அற்புதமாகப் பொருந்தும்; தம் குழந்தை எத்தகைய உடலோடு வரும் என்று அறியாத ஒரு பொறியாளர் வாயிலில் படி வைக்க மாட்டார். ஆனால் விந்தை என்னவெனில், வாழ்நாள் முழுவதும் சமுதாயத்தோடு முழுமையாக ஒத்துழைக்க வல்லவர்களையே ரால்ஸ் தம் கணக்கில் எடுத்துக்கொண்டார். கடுமையான குறைபாடு உடையவர்களைப் பற்றிய விசாரணையைப் பின்னால் ஒத்திவைத்தார். தீவிர அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு மகளின் தாயும் தத்துவப் பேராசிரியையுமான ஈவா கிட்டே 1999-இல் எழுதிய நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். மார்த்தா நுஸ்பாம் 2006-இல் அதே குறையை விரிவாக ஆராய்ந்தார். மனித வாழ்வுக்கு இன்றியமையாதவை என அவர் வகுத்த பத்து ஆற்றல்களுள் விளையாட்டும் ஒன்று. நீதியைப் பற்றிய அத்தனை பெரிய நூலிலும் சிலருக்கு ‘பிறகு பார்க்கலாம்’ என்ற இடமே கிடைத்தது என்பதில் ஒரு படிப்பினை இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி தெருவில் மட்டும் இல்லை.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் அஷ்டாவக்கிரரின் வரலாறு வருகிறது. கருவிலேயே தந்தையின் சாபத்தால் எட்டுக் கோணலோடு பிறந்தவர். தந்தையை வாதில் வென்று நீரில் மூழ்கடித்த பண்டிதனை எதிர்கொள்ள, சிறுவனாகவே ஜனகரின் வேள்விக்குப் புறப்படுகிறார். வழியில் அரசர் எதிர்ப்படுகிறார். வழி விடுமாறு சொல்லப்படுகிறது. அப்போது அந்தச் சிறுவர், யாருக்கு யார் வழி விட வேண்டும் என்ற முறையைச் சொல்கிறார். பார்வையற்றவரை முதலில் வைக்கிறார். காது கேளாதவரை அடுத்து வைக்கிறார். பெண்ணும் சுமை தூக்குபவரும் வந்த பிறகே அரசர் வருகிறார். வேதம் அறிந்தவரை எல்லோருக்கும் மேலே வைத்து அவர் முடிப்பது அக்காலத்தின் வழக்கு; அதை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குறிப்பிடத்தக்கது, அந்தப் பட்டியலில் தம் கோணலான உடலை அவர் சேர்க்கவேயில்லை. இரக்கத்தை அவர் கேட்கவில்லை. பாதையின் விதியைச் சொன்னார். ஜனகர் வழி விட்டார்.

பாதைக்கு விதி இருப்பது போல ஆட்டத்திற்கும் விதி உண்டு. விதிகளை மாற்றவும் முடியும். பார்வையற்றோர் கிரிக்கெட் அதற்கு நல்ல சான்று. 1922 அளவில் மெல்போர்னில் தோன்றிய அந்த ஆட்டத்தின் முதல் உலகக் கோப்பை 1998-இல் புதுதில்லியில் நடைபெற்றது. பந்துக்குள் உலோகக் குண்டுகள் ஒலிக்கும். பந்தைத் தரையோடு கீழ்க்கை வீச்சாகவே வீச வேண்டும். பதினொருவரில் குறைந்தது நால்வர் முற்றிலும் பார்வையற்றவராக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டங்கள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். இந்தச் சலுகைகளைக் கேட்டவுடன் ஒப்புக்குச் சப்பாணி நினைவுக்கு வரலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே மலையளவு வேறுபாடு இருக்கிறது. இங்கே ஆட்டக்காரர் ஸ்டம்பு விழுந்தால் வெளியேற வேண்டும். கேட்சு போனால் போயிற்று. தோற்றால் தோல்விதான். ஒப்புக்குச் சப்பாணிக்கு மறுக்கப்பட்டது வெற்றி அன்று. தோற்கும் உரிமையே அவனுக்கு மறுக்கப்பட்டது.

இதைப் பெற்றோர் ஏற்றுக்கொள்வதுதான் எல்லாவற்றினும் கடினம். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பெர்ஸ்கே 1972-இல் ‘ஆபத்தை ஏற்பதன் கண்ணியம்’ என்ற கருத்தை முன்வைத்தார். அளவுக்கு மீறிப் பாதுகாப்பதும் ஒருவரைச் சிறுமைப்படுத்துவதே என்பது அவர் வாதம். ஆனால் பத்து ஆண்டுகளாக ஒரு குழந்தையை மருத்துவமனைகளுக்குத் தூக்கிச் சுமந்த தாயிடம், அவள் விழட்டும் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அந்தத் தாயின் அச்சம் அறியாமை அன்று, அனுபவம். அவளிடம் வாதம் செய்வதை விட, விழுந்தால் எலும்பு முறியாத தரையை அமைத்துக் கொடுப்பது மேல். மற்றதை அவளே முடிவு செய்துகொள்வாள்.

ஒரு மாலையில் இத்தகைய பூங்கா ஒன்றில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால் போதும். தரையோடு பதித்த ராட்டினத்தில் சக்கர நாற்காலியோடு ஒரு சிறுமி ஏறியிருப்பாள். இன்னும் நான்கைந்து பேர் கம்பியைப் பற்றிக்கொண்டிருப்பார்கள். யார் தள்ளுவது என்பதில் சண்டை மூளும். ‘நீ மூன்று முறை சுற்றிவிட்டாய், இறங்கு’ என்று ஒரு பையன் அவளிடம் சொல்வான். அவள் இரண்டு முறைதான் என்பாள். அவன் மூன்று என்பான். பலகையில் அமர்ந்திருக்கும் அவளுடைய தாய் பாதி எழுந்திருப்பாள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு தாய் அவள் கையைப் பற்றி உட்கார வைப்பாள். ராட்டினத்தின் அருகே சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டா, மூன்றா?